நம்பகமான துவக்கு எது?

துவக்கு வாங்கப் போகிறவர் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுதான்: எதை நம்பலாம்? விசையை இழுத்தால் வெடிக்குமா? இடைநடுவில் இறுகி நின்றுவிடுமா? இருட்டில், கை நடுங்கும் வேளையில் கைகொடுக்குமா? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே கடைகளும் சஞ்சிகைகளும் சுடுபயிற்சிக் கூடங்களும் இருக்கின்றன. பிரித்தானியாவில், 1996இல் டன்பிளேன் பாடசாலையில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டதையடுத்து, 1997இல் கைத்துப்பாக்கிகள் தனியார் கைகளிலிருந்து ஏறக்குறைய முற்றாகவே அகற்றப்பட்டன. கனடா 2022 ஒக்டோபரில் கைத்துப்பாக்கி விற்பனையையும் கைமாற்றத்தையும் முடக்கியது. ஆகவே லண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் எம்மவருக்கு இது பெரும்பாலும் பேச்சளவில் நிற்கிற கேள்வி. அமெரிக்காவில் இரவு வேளைகளில் பெற்றோல் நிலையத்திலும் சிறுகடையிலும் காசுப்பெட்டிக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு அது பேச்சளவில் நிற்பதில்லை.

துவக்கே வேண்டாம் என்று உபதேசிப்பது எமது நோக்கமல்ல. வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நள்ளிரவில் கதவு தட்டப்படுவதன் அர்த்தம் தெரிந்தவர்கள். பயம் என்பது என்னவென்று எங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 'நம்பகம்' என்ற சொல்லின் பொருளைக் கடைக்காரரிடம் மாத்திரம் கேட்டுவிட்டு வந்துவிட முடியாது என்பதே நாம் இங்கு சொல்ல வருவது. வாசலில் உண்மையாகவே கும்பல் வந்து நின்ற நிலையில், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வியைக் கேட்டு வந்த மக்கள் கூட்டம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. அடிமைத்தளையிலிருந்து வெளிவந்த கறுப்பின மக்கள்தான் அவர்கள். எதை நம்பலாம் என்பதற்கு அவர்களது வரலாறு தரும் பதில் கடைக்காரரின் பதிலைவிட நீளமானது.

*

முதலில் கடைக்காரருக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். அவருடைய நம்பகத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. சாமுவேல் கோல்ற் தமது சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1836இல். அதுவரை கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் ஒரு வெடியோடு சரி. பிறகு அதைப் பொல்லாகத்தான் பாவிக்கலாம். கோல்றின் ஆரம்பகால ரிவோல்வர்களிலும் ஒவ்வொரு அறைக்குள்ளும் மருந்தும் சன்னமும் தனித்தனியே இட்டு, பொறி தரும் மூடியை வெளியே பொருத்த வேண்டும். ஈரம் பட்டால் கதை முடிந்தது. 1857இல் ஸ்மித் அன்ட் வெஸன் நிறுவனம் மருந்து, சன்னம், பொறி மூன்றும் ஒரே உலோகக் கூட்டுக்குள் அடங்கிய ரவையைச் சுடும் ரிவோல்வரை விற்கத் தொடங்கியது. பின்னர் விசையை இழுப்பதாலேயே சுத்தியல் பின்வாங்கி, உருளை சுழன்று, வெடிக்கும் பொறிமுறை வந்தது. ஒரு ரவை வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் போதும். அடுத்த ரவை வந்து நிற்கும். வீட்டு அலுமாரியில் மாதக்கணக்காகக் கிடந்து ஒரு நாள் தேவைப்படும் ஆயுதத்துக்கு இதைவிட நல்ல குணம் இல்லை. ரிவோல்வர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அமெரிக்கப் பொலிசாரின் இடுப்பை விட்டு இறங்காமல் இருந்தது இதனால்தான்.

தானாகவே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் பிஸ்ரல் அதிக ரவை கொள்ளும், விரைவாகவும் சுடும். ஆனால் அது வில்லையும் ரவைக் கூட்டையும் பிடிக்கும் கையின் உறுதியையும் நம்பி இருப்பது. கூடு நெளிந்தாலோ, பிடி தளர்ந்தாலோ, ரவை குறுக்கே நின்று இறுகிவிடும். ஜோன் பிரவுனிங் வடிவமைத்த கோல்ற் பிஸ்ரல் 1911இல் அமெரிக்க இராணுவத்தின் சோதனையில் 6000 ரவைகளைத் தடங்கலின்றிச் சுட்டுத் தேறியது. 1982இல் ஒஸ்ரிய இராணுவம் குளொக் என்ற பிஸ்ரலைத் தெரிவு செய்தது. அதன் உடற்பகுதி பிளாஸ்ரிக். 1980களிலும் 1990களிலும் அமெரிக்கப் பொலிசார் பலர் ரிவோல்வரைக் கைவிட்டு இத்தகைய பிஸ்ரல்களுக்கு மாறினர்.

இவ்வளவும் உண்மை, பிரயோசனமான உண்மை. ஆனால் அந்த 6000 ரவைச் சோதனையில் சோதிக்கப்பட்டது இயந்திரம் மாத்திரமே. சுட்டவர் மறுநாட் காலையில் எங்கே இருப்பார், யார் அவருக்காகப் பேசுவார், அவர் சொல்வதை நீதிமன்றம் நம்புமா என்பவை எந்தச் சோதனைக் கூடத்திலும் அளக்கப்படுவதில்லை.

*

அமெரிக்காவில் துவக்குச் சட்டத்தின் பழைய பக்கங்களில் நிறம் எழுதப்பட்டிருக்கிறது. வேர்ஜீனியாக் குடியேற்றம் 1680இலேயே கறுப்பினத்தவர் எவ்வித ஆயுதமும் ஏந்திச் செல்வதைத் தடை செய்தது. 1857இல் டிரெட் ஸ்கொற் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறுப்பினத்தவர் குடிமக்கள் ஆக முடியாது என்று தீர்ப்பளித்தபோது, அவர்களைக் குடிமக்களாக ஏற்றால் விரும்பிய இடத்துக்கெல்லாம் ஆயுதம் கொண்டு செல்லும் உரிமையும் கிடைத்துவிடுமே என்பதைப் பிரதம நீதியரசர் ஓர் ஆபத்தாகவே எடுத்துக் காட்டினார். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்றவர்கள் அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கோ ரவையோ வைத்திருக்கக்கூடாது என மிஸிஸிப்பி மாநிலம் சட்டம் இயற்றியது. அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ வேண்டியவர்கள் நேற்றுவரை எசமான்களாக இருந்த வர்க்கத்தினர்.

பின்னர் சட்டங்களிலிருந்து நிறத்தின் பெயர் மறைந்தது, வேலை மறையவில்லை. டெனஸி மாநிலம் 1879இல், படையினர் பாவிக்கும் பெரிய ரிவோல்வர்களைத் தவிர வேறு கைத்துப்பாக்கிகள் விற்கப்படுவதைத் தடுத்தது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் தரமற்ற ஆயுதங்களை ஒழிக்கும் சட்டம். ஆனால் படை ரிவோல்வர்கள் விலை கூடியவை. போரிலிருந்து திரும்பிய வெள்ளையரிடம் அவை ஏற்கெனவே இருந்தன. கூலித் தொழிலாளி வாங்கக்கூடிய மலிவான கைத்துப்பாக்கிதான் சந்தையிலிருந்து போனது. நம்பகமான துவக்கு எது என்பதைச் சட்டமே தீர்மானித்தது. அதை வாங்கக்கூடியவர் யார் என்பதையும் அதே வரியில் தீர்மானித்துவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். புளோரிடாவில் 1893இல் வந்த அனுமதிப்பத்திரச் சட்டத்தைப் பற்றி, 1941இல் அம்மாநில உயர் நீதிமன்றத்தின் நீதியரசர் ஒருவரே, அது கறுப்பினத் தொழிலாளரின் ஆயுதத்தைப் பறிக்கவே இயற்றப்பட்டது, வெள்ளையருக்குப் பிரயோகிக்கும் எண்ணம் ஒருபோதும் இருந்ததில்லை என்ற கருத்தைத் தமது தீர்ப்பில் பதிவு செய்தார்.

*

1892 மார்ச் மாதம். டெனஸியின் மெம்பிஸ் நகரில் தோமஸ் மொஸ் என்ற தபாற்காரர் தம் நண்பர்களோடு சேர்ந்து நடத்திய 'மக்கள் மளிகை' நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கடை வைத்திருந்த வெள்ளையருக்கு அது பொறுக்கவில்லை. கடை தாக்கப்படும் என்ற செய்தி வந்ததும் மொஸ்ஸின் ஆட்கள் துவக்குகளுடன் காவல் இருந்தார்கள். இரவில் ஆயுதங்களோடு வந்தவர்களை நோக்கிச் சுட்டார்கள். வந்தவர்கள் சாதாரண உடையில் வந்த ஷெரிப்பின் ஆட்கள். சிலர் காயமடைந்தனர். மொஸ்ஸும் கல்வின் மக்டவல், வில் ஸ்ருவேட் என்ற இருவரும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். மார்ச் 9ஆம் திகதி கும்பலொன்று சிறையிலிருந்து மூவரையும் இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது.

மளிகைக் கடையில் இருந்த துவக்குகள் பழுதின்றி வேலை செய்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பழுதாகிப் போனது சிறைக் கதவு.

மொஸ்ஸின் குடும்பத்துக்கு நெருங்கிய தோழியாக இருந்தவர் பத்திரிகையாளர் ஐடா வெல்ஸ். 1862இல் அடிமையாகப் பிறந்தவர். 'பிரீ ஸ்பீச்' என்ற பத்திரிகையின் ஆசிரியராகவும் பங்காளராகவும் இருந்தார். நண்பர் கொல்லப்பட்டதும் அவர் செய்த காரியங்களில் ஒன்று கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கியது. தம் உயிரை இலவசமாகக் கொடுப்பதில்லை என்ற முடிவோடுதான் வாங்கினார். கறுப்பினத்தவர் வீடுகளில் றைபிளுக்குக் கௌரவமான இடம் இருக்க வேண்டும் என்று அதே ஆண்டில் எழுதவும் செய்தார். ஆனால் அதே மனுஷி, உயிருக்கும் உடைமைக்கும் காவல் இல்லாத நகரை விட்டு வெளியேறுங்கள் என்றும் தம் மக்களுக்கு எழுதினார். ஆயிரக்கணக்கானோர் மெம்பிஸை விட்டுப் போனார்கள், பலர் ஒக்லஹோமாவுக்கு. மே மாத இறுதியில் ஐடா வெல்ஸ் வடக்கே பயணம் போயிருந்த வேளையில் கும்பல் அவரது பத்திரிகை அலுவலகத்தை அழித்தது. திரும்பி வந்தால் கொலை என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் நியூயோர்க்கிலேயே தங்கி, கும்பற்கொலைகளைப் பற்றி ஊர் ஊராகத் தகவல் திரட்டி எழுதினார்.

அவர் வாங்கிய கைத்துப்பாக்கியால் அச்சகத்தைக் காக்க முடியவில்லை. அவர் அங்கே இல்லாமற் போனது அவரைக் காத்தது. அவர் எழுதியது அவரது மக்களுக்கு உதவியது. ஊரை விட்டு வந்ததைக் கோழைத்தனம் என்று தம்மைத் தாமே நொந்துகொள்ளும் எம்மவர் இந்த இடத்தில் சற்று நிதானிக்கலாம். வெளியேறுவதும் தற்காப்புத்தான்.

*

ஆனால் எல்லோராலும் எப்போதும் வெளியேறிக்கொண்டே இருக்க முடியாது. டொக்டர் ஒசியன் ஸ்வீற் அப்படித்தான் நினைத்தார். புளோரிடாவில் பிறந்து, படித்து, டெற்றோயிற் நகரில் வைத்தியராகத் தொழில் பார்த்தவர். வியன்னாவிலும் பாரிசிலும் மேற்படிப்புப் படித்தவர். 1925இல் கார்லண்ட் வீதியில், வெள்ளையர் மாத்திரம் வாழ்ந்த பகுதியில், 18,500 டொலருக்கு ஒரு வீடு வாங்கினார். அதே ஆண்டு ஜூனில் அலெக்ஸாண்டர் ரேணர் என்ற இன்னொரு கறுப்பின வைத்தியர் தாம் வாங்கிய வீட்டிலிருந்து கும்பலால் துரத்தப்பட்டிருந்தார். ஸ்வீற் அது தெரிந்தே போனார். தளபாடங்களோடு துவக்குகளும் ரவைகளும் கூடப் போயின.

செப்டெம்பர் 8ஆம் திகதி குடிபுகுந்தார்கள். இரண்டாம் நாளிரவு வீட்டைச் சூழ்ந்து பெருங்கூட்டம் நின்றது. பொலிசாரும் தெருவில் நின்றார்கள். கல் மழையாக விழத் தொடங்கியது, ஜன்னல் உடைந்தது. மேல்மாடியிலிருந்து சூடு கிளம்பியது. தெருவின் மறுபுறத்தில் நின்ற லியோன் பிரைனர் என்பவர் இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். ஸ்வீற்றும் மனைவி கிளடிஸும் தம்பியரும் நண்பர்களுமாகப் பதினொருவர் கொலைக் குற்றச்சாட்டில் கைதானார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர்கூடக் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.

இந்தப் பதினொருவரும் மெம்பிஸ் மூவரின் வழியில் போகாமல் தப்பியது எதனால் என்பதே எமது கேள்வி. அவர்களிடம் இருந்த ஆயுதங்கள் தரமானவை என்பதால் அல்ல. 1909இல் தொடங்கப்பட்ட நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் உடனடியாக வழக்கைப் பொறுப்பேற்றது. நாடு முழுவதும் கறுப்பின மக்களிடம் பணம் சேர்த்தது. அமெரிக்காவின் புகழ்பெற்ற சட்டத்தரணி கிளாறன்ஸ் டரோ வழக்காட வந்தார். நீதிபதி பிராங்க் மேர்பி, வீடு அதன் சொந்தக்காரருக்குக் கோட்டை, அவரது நிறம் எதுவாயினும் சரி என்ற நிலைப்பாட்டை யூரிமாருக்கு எடுத்துச் சொன்னார். யூரிமார் அனைவரும் வெள்ளையர். முதல் வழக்கு நவம்பரில் யூரிமார் உடன்பட முடியாமல் முறிந்தது. 1926 மே மாதம் இரண்டாவது வழக்கில், சுட்டதை ஒப்புக்கொண்ட தம்பி ஹென்றி ஸ்வீற் விடுதலையானார். பின்னர் ஏனையோர் மீதான குற்றச்சாட்டும் கைவிடப்பட்டது.

டரோ யூரிமாரிடம் திரும்பத் திரும்பக் கேட்டதன் சாரம் இதுதான்: வீட்டுக்குள் இருந்தவர்கள் வெள்ளையராகவும் வெளியே நின்ற கும்பல் கறுப்பினத்தவராகவும் இருந்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்குமா? தற்காப்புச் சட்டத்தின் மையத்தில் இருப்பது 'நியாயமான அச்சம்' என்ற சொல். எவருடைய அச்சம் நியாயமானது என்று தீர்மானிப்பவர்கள் பன்னிரண்டு அந்நியர்கள். துவக்கை எவ்வளவு கவனமாகத் தெரிவு செய்தாலும் அந்தப் பன்னிருவரை நாம் தெரிவு செய்ய முடியாது.

*

மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் துவக்கு இருந்தது என்று சொன்னால் எம்மில் பலர் நம்பமாட்டார்கள். மொண்ட்கொமரி நகரின் பஸ் பகிஷ்கரிப்பு நடந்துகொண்டிருந்த 1956 ஜனவரி 30ஆம் திகதி அவருடைய வீட்டு முகப்பில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் பிறந்து மூன்று மாதமும் நிரம்பாத மகளும் இருந்தார்கள். வாசலில் திரண்ட மக்களிடமும் ஆயுதங்கள் இருந்தன. கிங் அவர்களை அமைதியாக வீட்டுக்கு அனுப்பினார். சில நாட்களுக்குள் அவர் ஷெரிப்பின் அலுவலகத்துக்குப் போய், துவக்கு எடுத்துச் செல்ல அனுமதிப்பத்திரம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் குண்டு வீசப்பட்ட வீட்டுக்காரருக்குத் துவக்குத் தேவை என்பதை அந்த அலுவலகம் ஏற்கவில்லை.

அந்த நாட்களில் கிங்கின் வீட்டுக்குப் போன பயார்ட் ரஸ்ரின், கூட வந்த பத்திரிகையாளர் நாற்காலியொன்றில் அமரப்போனபோது அதில் கைத்துப்பாக்கி கிடப்பதைக் கண்டு தடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். காந்தியின் வழியைக் கற்றவரான ரஸ்ரின் 1948இல் இந்தியா சென்று வந்தவர். அவரும் கிளென் ஸ்மைலி என்ற பாதிரியாரும் கிங்கோடு இதுபற்றி நீண்டு பேசினார்கள். கிங்கும் மனைவி கொரெற்றாவும் ஆலோசித்து, வீட்டில் இருந்த ஆயுதத்தை அகற்றினார்கள். இதை அவரே பின்னர் எழுதியிருக்கிறார். அதற்குப் பதிலாக வீட்டைச் சுற்றிப் பிரகாசமான விளக்குகள் போடப்பட்டன; ஆயுதமில்லாத காவலர்கள் இரவு பகலாக நின்றார்கள்.

பயம் தீர்ந்துவிட்டதால் அவர் அந்த முடிவுக்கு வரவில்லை. ஐம்பதாயிரம் பேர் பஸ்ஸைப் புறக்கணித்து நடந்துகொண்டிருந்த நகரில் தாம் எதை நம்பி நிற்கிறோம் என்று கணக்குப் பார்த்து எடுத்த முடிவு அது. தன் வீட்டைக் காத்துக்கொள்பவரை அவர் பழிக்கவுமில்லை. தற்காப்பு ஒழுக்கத்துக்கும் சட்டத்துக்கும் உட்பட்டதே என்று 1959இல் எழுதவும் செய்தார். கூட்டமாக ஊர்வலம் போகும் இயக்கம் ஆயுதம் ஏந்தினால் தோற்கும் என்பதே அவரது வாதம்.

தெற்கில் எல்லோரும் கிங்கின் வழியில் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மிஸிஸிப்பியில் வாக்காளராகப் பதியச் சென்ற விவசாயி ஹாட்மன் ரேண்போவின் வீட்டுக்கு 1963 மே மாதம் தீ வைத்தார்கள். அவர் றைபிளோடு வெளியே வந்து சுட்டதும் வந்தவர்கள் ஓடினார்கள். குடும்பம் தப்பியது. ஆனால் விடிந்ததும் ஷெரிப், தன் வீட்டுக்குத் தானே தீ வைத்ததாக ரேண்போவையே கைது செய்தார். அடுத்த மாதம் அதே மாநிலத்தில் மெட்கர் எவர்ஸ் கொல்லப்பட்டார். உலகப் போரில் சேவை செய்தவர். வீட்டில் ஆயுதம் வைத்திருந்தவர். காரை விட்டு இறங்கிய அவரை, பற்றைக்குள் மறைந்திருந்தவன் முதுகில் சுட்டான். கொலையாளிக்குத் தண்டனை கிடைத்தது 1994இல். பதுங்கியிருப்பவனுக்கு எதிராக எந்தக் கைத்துப்பாக்கியும் பயன்படுவதில்லை.

1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோ ஊரில் கறுப்பின ஆண்கள், பலர் முன்னாள் படைவீரர், 'தற்காப்புக்கான டீக்கன்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வன்முறையற்ற போராட்டக்காரர்கள் தூங்கும் வீடுகளுக்கு இவர்கள் துவக்குடன் காவல் இருந்தார்கள். இவர்களது காவல் பயன்பட்டது. ஏனெனில் அது ஒரு வீட்டின் அலுமாரிக்குள் கிடந்த தனித் துவக்கு அல்ல. முறைவைத்துக் காவல் இருந்த, ஒருவரையொருவர் அறிந்த, கட்டுப்பாடான ஊர்.

ஊரும் போதாமற் போன கதை ரொபேர்ட் வில்லியம்ஸினுடையது. வட கரோலினாவின் மொன்றோ நகரில், 1957 ஒக்டோபரில், வைத்தியர் ஒருவரின் வீட்டைத் தாக்க வாகன வரிசையாக வந்த கூ குளக்ஸ் கிளானை அவரும் நண்பர்களும் மணல்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து சுட்டு விரட்டினார்கள். அதன்பின் நகரசபை அத்தகைய வாகன ஊர்வலங்களைத் தடை செய்தது. துவக்கு வென்ற ஓர் இரவு இது, மறுக்க முடியாது. ஆனால் 1961இல், கலவர வேளையில் தம் வீட்டில் தஞ்சம் புகுந்த வெள்ளைத் தம்பதியரைக் கடத்தியதாக அவர்மீது குற்றம் சுமத்தப்பட்டது. குடும்பத்தோடு கனடா வழியாகக் கியூபாவுக்குத் தப்பினார், பின்னர் சீனா. எட்டு ஆண்டுகள் அகதி வாழ்க்கை. 1969இல் திரும்பினார், வழக்குக் கைவிடப்பட 1970களின் நடுப்பகுதி ஆனது. கிளானை விரட்டிய துவக்கு, பொய் வழக்கை விரட்டவில்லை.

*

1967இல் கறுப்புச் சிறுத்தைகள் கட்சியினர் துவக்கு ஏந்திக் கலிபோர்னியச் சட்டசபைக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். பொது இடத்தில் ரவையேற்றிய துவக்குக் கொண்டு செல்வதைத் தடுக்கும் சட்டத்தில் அதே ஆண்டு கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். துவக்குரிமையின் காவலராகப் பின்னாளில் கொண்டாடப்பட்ட அதே ரீகன்தான்.

உச்ச நீதிமன்றம் 2008இல், வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 2010இல் அந்த உரிமையை மாநிலங்களுக்கும் விரித்த வழக்கைத் தொடுத்தவர்களில் முதன்மையானவர் சிக்காகோவின் ஓற்றிஸ் மக்டொனால்ட் என்ற கறுப்பின முதியவர். 2022இல், விசேட தேவையை நிரூபித்தால்தான் கைத்துப்பாக்கி கொண்டு செல்ல அனுமதி என்ற நியூயோர்க் விதி செல்லாது என்றது நீதிமன்றம். மொண்ட்கொமரி ஷெரிப்பிடம் இருந்ததைப் போன்ற, விரும்பினால் கொடுக்கும் விரும்பாவிட்டால் மறுக்கும் அதிகாரம் அத்தோடு அடிபட்டது. கடதாசியில் கேள்வி தீர்ந்துவிட்டது.

தெருவில் தீரவில்லை. 2016 ஜூலை 6ஆம் திகதி, மினசோற்றா மாநிலத்தில் பிலான்டோ கஸ்ரில் என்ற பாடசாலை உணவகப் பணியாளரின் காரைப் பொலிஸ் மறித்தது. அவரிடம் முறையான அனுமதிப்பத்திரத்தோடு கைத்துப்பாக்கி இருந்தது. இருப்பதை அவரே மரியாதையாகச் சொன்னார். சில வினாடிகளில் அந்தப் பொலிஸ்காரர் ஏழு தடவை சுட்டார். பின்னிருக்கையில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. கஸ்ரில் இறந்தார். மறு ஆண்டு யூரிமார் பொலிஸ்காரரை விடுதலை செய்தார்கள். அங்கே கஸ்ரிலின் துவக்கு வெடிக்கவேயில்லை. அது இருக்கிறது என்ற சொல்லே போதுமானதாக இருந்தது.

*

இதுவரை சொன்னதெல்லாம் வெளியிலிருந்து வரும் ஆபத்தைப் பற்றி. துவக்கு வீட்டுக்குள்ளேயே என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1993இல் ஆதர் கெல்லர்மனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, துவக்கு உள்ள வீடுகளில் வீட்டுக்குள் கொலை நிகழும் அபாயம் ஏறத்தாழ 2.7 மடங்கு என்று கண்டது. ஐடா வெல்ஸ் கைத்துப்பாக்கி வாங்கிய மெம்பிஸ் அடங்கிய மாவட்டமும் அந்த ஆய்வில் இருந்தது. ஆய்வின் முறையைப் பற்றி இன்றுவரை வாதம் உண்டு. ஆனால் இன்னொரு கணக்கில் வாதத்துக்கு இடமில்லை. 2021இல் அமெரிக்காவில் துவக்கினால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல்.

டொக்டர் ஸ்வீற்றின் கதை நீதிமன்ற வாசலில் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விடுதலையான அதே 1926இல் இரண்டு வயது மகள் காசநோயால் இறந்தாள். 1928இல் மனைவி கிளடிஸும் அதே நோயால் போனார். சிறையில் தொற்றியதாகவே குடும்பத்தினர் கருதினர். 1940இல் தம்பி ஹென்றியையும் காசம் கொண்டுபோயிற்று. ஸ்வீற் கார்லண்ட் வீதி வீட்டுக்குத் திரும்பி, ஆண்டுக்கணக்காகத் தனியே வாழ்ந்தார். பின் அதையும் விற்றார். 1960 மார்ச்சில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். கும்பல் எப்போதோ கலைந்து போய்விட்டது. துவக்கு போகவில்லை.

*

எமது வரலாற்றை இதற்கு ஒப்பிட்டு நீட்ட விரும்பவில்லை. ஆனால் சொல்லாமலும் விட முடியாது. எங்கள் ஊர்களில் முன்பு துவக்கு என்றால் உரிமம் பெற்ற ஒரு சிலரின் வேட்டைத் துவக்குத்தான். பன்றிக்கும் குரங்குக்கும் என்று இருந்தது. பின் எங்களைக் காக்கவென்று துவக்குகள் வந்தன. அவை வந்ததற்குக் காரணம் இருந்தது. எரிந்த வீடுகளை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். ஆனால் காக்க வந்த துவக்கு யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்ற கேள்வியை நாங்கள் நேரத்தோடு கேட்கவில்லை. அது எங்கள் பக்கமும் திரும்பியது. ஆயுதம் தரமானதா என்று விசாரித்த அளவுக்கு, அதைச் சுற்றி இருந்த மனிதரை, நீதியை, கட்டுப்பாட்டை நாங்கள் விசாரிக்கவில்லை.

ஆகவே அமெரிக்காவில் காசுப்பெட்டிக்குப் பின்னால் நிற்கும் எம் சகோதரருக்கு, எந்தக் கைத்துப்பாக்கி நல்லது என்று நாம் சொல்லப் போவதில்லை. அதைக் கடைக்காரர் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே சொல்வார். நாம் வேறு சில கேள்விகளை அவரிடம் கொடுத்து அனுப்புகிறோம். இரவு ஒரு மணிக்குச் சுட நேர்ந்தால் இரண்டு மணிக்கு யாருக்குத் தொலைபேசி எடுப்பீர்கள்? உங்கள் மொழி உச்சரிப்பையும் நிறத்தையும் கொண்ட ஒருவரின் அச்சத்தை அந்த ஊர் யூரிமார் நியாயமான அச்சம் என்று ஏற்பார்களா? பக்கத்துக் கடைக்காரருக்கு உங்கள் பெயர் தெரியுமா? வீட்டில் அதைப் பூட்டி வைக்கும் பெட்டியின் திறப்பு யாரிடம் இருக்கும்? வேலை போய், கடன் நெருக்கி, தூக்கம் வராத ஓர் இரவில் அந்தத் திறப்பு உங்கள் கைக்கு எட்டுமா?

இவற்றுக்குப் பதில் கிடைத்த பின் வாங்குபவர் வாங்கட்டும். பதில் கிடைக்காதவர்களுக்கு, கிங் தம் வீட்டைச் சுற்றிப் போட்ட விளக்குகளின் நினைவு இருக்கட்டும்.